கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: ராணுவப் பணியும் கிறிஸ்தவ மனசாட்சியும்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் மதராஸ் ரெஜிமென்டில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிப் பக்கம் கிராமம்; தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். என் இளைய மகனுக்கு 19 வயது. நான்கு ஆண்டு ராணுவப் பணிக்கான அக்னிவீர் தேர்வில் (ஜெனரல் டியூட்டி, அதாவது சாதாரணச் சிப்பாய்ப் பணி) எழுத்து, ஓட்டம், மருத்துவம் எல்லாவற்றிலும் தேறி, அழைப்பும் வந்துவிட்டது. ஓராண்டாக அவன் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வருகிறான். விசுவாசி ஆயுதம் எடுக்கலாகாது என்றும், ரெஜிமென்ட் கோயிலில் பூஜைக்கு நிற்க வேண்டியிருக்கும் என்றும் அங்குள்ள பாஸ்டர் சொல்ல, இவன் இப்போது போகமாட்டேன் என்கிறான். தென் கொரியாவில் இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறதாம். போகாவிட்டால் வழக்கு வருமா? சேர்ந்தபின் துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று சொல்ல நம் அரசமைப்பில் இடம் உண்டா? ராணுவ வேலை பாவம் என்பது சரிதானா? அவனைக் கட்டாயப்படுத்தி அனுப்பிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்களை அதிகம் வாட்டுகிற பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மகன் குறித்த நாளில் போகாவிட்டால் அவன்மீது எந்த வழக்கும் வராது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் படையில் முறைப்படி பதிவு செய்யப்பட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். தேர்வில் தேறி, தகுதிப் பட்டியலில் பெயர் வந்து, அழைப்புக் கடிதம் கையில் இருக்கும் இளைஞன் இன்றைய தேதியில் உங்களையும் என்னையும் போன்ற குடிமகன்தான். மிலிட்டரி போலீஸ் வீடு தேடி வரும் என்று ஊரில் பேசிக்கொள்வது, பயிற்சி மையத்திலிருந்து சொல்லாமல் ஓடிவந்தவர்களின் கதைகளோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வருகிற பேச்சு. ஓடிவந்தவன் ஏற்கெனவே கையெழுத்திட்டவன். உங்கள் மகன் இன்னும் இடவில்லை. நான் எழுதப்போவது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே இருக்கும்.

கொரியாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த உரிமை எதிலிருந்து பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே உடல் தகுதியுள்ள ஒவ்வொரு ஆண்மகனையும் அரசு படைக்கு அழைக்கிறது. மனசாட்சியின் பேரில் மறுத்த ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பாலோர் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர், பல பத்தாண்டுகளாகச் சிறைக்குப் போனார்கள். மாற்றுப் பணிக்கு வழி செய்யாத சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2018 ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த மாற்றுப் பணியும் லேசானதல்ல. சிறைச்சாலைகளிலேயே தங்கி 36 மாதங்கள் வேலை செய்ய வேண்டும். கட்டாயப் படைச்சேவை நடப்பில் உள்ள சிங்கப்பூரில் இந்த விலக்கு இன்றும் இல்லை. மறுக்கும் இளைஞர்கள் ராணுவக் காவலில்தான் அடைக்கப்படுகிறார்கள்.

நம் நாட்டில் கட்டாய ராணுவச் சேவையே கிடையாது. அரசமைப்பின் 23(2)-ஆம் பிரிவு, பொது நோக்கத்துக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது என்பது உண்மை. அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற காரணத்தால் மட்டும் பாகுபாடு காட்டலாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 51ஏ பிரிவில் நாட்டைக் காப்பதும், அழைக்கப்படும்போது தேசியப் பணியாற்றுவதும் குடிமக்களின் கடமை என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அக்கடமையைத் தவறியதற்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிச்சட்டம் வேண்டும். இளைஞர்கள் எல்லோரையும் படைக்கு வா என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றியதில்லை. ஆகையால், மனசாட்சியின் பேரில் விலக்கு என்ற கேள்வியை நம் நீதிமன்றங்கள் கொரியாவில் எழுந்த வடிவத்தில் சந்திக்க வேண்டிய தேவையே வரவில்லை. அங்கே அரசு கையைப் பிடித்து இழுக்கிறது, இளைஞன் கையை உதறுகிறான். இங்கே உங்கள் மகன் தானே விண்ணப்பித்து, தானே 1.6 கிலோமீட்டர் ஓடி, வாசல்வரை வந்து நிற்கிறான். வாசலிலிருந்து திரும்பிப்போகும் சுதந்திரம் அவனுக்கு முழுமையாக உண்டு. அதற்கு அவன் மதக் காரணம் எதையும் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

வாசலுக்கு உள்ளே நிலைமை வேறு. அரசமைப்பின் 33-ஆம் பிரிவு, ஆயுதப் படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சட்டத்தின் வழியே சுருக்கிவைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளையை மீறுவது குற்றம். அதிகாரத்தை எதிர்க்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டுகள்வரையும், மற்றபடி படைநடவடிக்கைக் களப்பணியில் இல்லாத காலத்தில் மீறினால் 5 ஆண்டுகள்வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். 'என் வேதம் அனுமதிக்கவில்லை' என்பதை அந்தப் பிரிவு விலக்காக ஏற்கவில்லை. துப்பாக்கியைக் கையில் எடு என்பது ஒரு சிப்பாய்க்குத் தரப்படும் கட்டளைகளிலேயே மிகச் சாதாரணமானது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அன்று விதிகளுக்கு உட்பட்டு, சொந்த விருப்பத்தின் பேரில் விடுவிப்புக் கேட்டு ஊர் திரும்பியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட, அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில், நான்கு ஆண்டுகள் முடியும் முன்னே சொந்த விருப்பத்தில் வெளியேற அனுமதி இல்லை. மிக அரிதான நேர்வுகளில், உரிய அதிகாரியின் ஒப்புதலோடுதான் விடுவிப்பார்கள். அப்படி வெளிவந்தாலும் சேவா நிதி என்ற பணிக்காலச் சேமிப்பில் அவன் செலுத்திய பங்கும் அதன் வட்டியும் கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நால்வரில் ஒருவருக்கு மிகாமல்தான் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதையும், மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பென்ஷன் புத்தகத்தை மனத்தில் வைத்து அவன் எதிர்காலத்தைக் கணக்கிட வேண்டாம்.

அடுத்து மதச் சுதந்திரம். கேரளப் பள்ளி ஒன்றில் தேசிய கீதம் பாடப்பட்டபோது மரியாதையோடு எழுந்து நின்று, ஆனால் தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாட மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. அந்த நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியல்ல, அது உண்மையாகவும் மனசாட்சியோடும் கைக்கொள்ளப்படுகிறதா என்பதே கேள்வி என்று அத்தீர்ப்பு எடுத்துக்கொண்ட நிலை, மதச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 25-ஆம் பிரிவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் குடிமக்கள். சீருடை அணிந்தவர்கள் அல்லர். சீருடைக்குள் அதே 25-ஆம் பிரிவு எவ்வளவு சுருங்கிப்போகிறது என்பதை 2016 டிசம்பரில் வந்த தாடி வழக்கில் பார்த்தோம். மதக் காரணம் சொல்லித் தாடி வளர்த்த முஸ்லிம் விமானப்படை வீரரைப் பணியிலிருந்து விடுவித்தது சரியென உச்ச நீதிமன்றம் அப்போது ஏற்றது.

உங்கள் மகனின் பாஸ்டர் பூஜையைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் அண்மையில் நாளிதழ்களில் வந்த இன்னொரு வழக்காக இருக்கலாம். குதிரைப்படை மரபில் வந்த ஒரு டாங்கிப் படைப்பிரிவில் 2017-இல் அதிகாரியாகச் சேர்ந்த கிறிஸ்தவர் ஒருவர், வாராந்திர மத அணிவகுப்புகளில் தம் வீரர்களோடு கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் போவார். காலணியைக் கழற்றி முற்றத்தில் நிற்பார். பூஜை நடக்கும் கருவறைக்குள் மட்டும் நுழையமாட்டேன் என்றார். பலமுறை அறிவுரை கூறியும் அவர் இணங்காததால் 2021 மார்ச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்; ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. 2025 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. தம் மதத்தைவிட மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளை கீழானது என்று அவர் வைத்துவிட்டார் என்பதும், படை வீரர்களின் ஒருமைப்பாட்டை அது குலைக்கும் என்பதுமே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. என் சொந்தக் கருத்தைச் சொன்னால், முற்றத்தில் நின்ற அந்த மனிதருக்கு வேறொரு படைப்பிரிவில் இடம் கொடுத்திருந்தால் ராணுவத்துக்கு எதுவும் குறைந்திருக்காது. ஆனால் ஆலோசனை கேட்டு வருகிறவரிடம் நான் விரும்பும் சட்டத்தைச் சொல்லி அனுப்ப முடியாது. நடப்பில் உள்ள சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வழக்கு ஓர் அதிகாரியைப் பற்றியது, வீரர்களை முன்னின்று நடத்தும் பொறுப்பு அவருக்கு இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. சாதாரணச் சிப்பாய்க்கு நெருக்கடி இவ்வளவு கூர்மையாக வருவது குறைவு. சர்வ தர்ம ஸ்தலம் உள்ள முகாம்களில் ஒரே கூரையின்கீழ் எல்லா மதத்தாருக்கும் இடம் இருக்கிறது. பண்டிட், சீக்கிய கிரந்தி, மௌல்வியைப் போலவே பாதிரியாரையும் ஜே.சி.ஓ. (இளநிலை ஆணைய அதிகாரி) தகுதியில் ராணுவம் நியமிக்கிறது. உங்கள் 17 ஆண்டுகளில் ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை முறை போக முடிந்தது, மந்திர் பரேடில் (கோயில் அணிவகுப்பில்) எங்கே நின்றீர்கள், பிரசாதம் தந்தபோது என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பாஸ்டரும் நானும் சொல்வதைவிட அது அவனுக்கு அதிகம் பயன்படும்.

ராணுவ வேலை பாவமா என்ற கேள்விக்கு வழக்கறிஞன் பதில் சொல்வது முறையல்ல என்றாலும், நானும் ஒரு சபையில் உட்காருகிறவன் என்ற அளவில் சிலவற்றைச் சொல்கிறேன். கிறிஸ்தவம் இதில் ஒரு காலத்திலும் ஒரே குரலில் பேசியதில்லை. போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை; ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருக்கவும் 'உங்கள் சம்பளமே போதுமென்று' இருக்கவும் சொன்னார். புறஜாதியாரில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவனான கொர்நேலியு நூற்றுக்கு அதிபதி. ஆனால் இயேசு கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை உறையில் போடச் சொன்னதும், சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன.

இவ்விரு பக்கங்களிலிருந்தும் இரண்டு மரபுகள் வளர்ந்தன. நியாயமான அதிகாரம், நியாயமான காரணம், நேரிய நோக்கம் இருந்தால் போர் செய்யலாம் என்று இறையியலாளர்கள் அகுஸ்தீனும் தோமா அக்குவினாவும் வகுத்த வழியில் பெரிய சபைகள் நடந்தன. லுத்தரன்கள் 1530-இல் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, கிறிஸ்தவன் போர்வீரனாகப் பணியாற்றலாம் என்கிறது. உங்கள் திருச்சபையின் ஆங்கிலிக்க வேரான 39 கட்டளைகளில் 37-ஆவதும், அரசின் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆயுதம் தரித்துப் போரில் பணியாற்றுவது முறையானதே என்கிறது. கத்தோலிக்கர்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965-இல், படைவீரர்களை மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் ஊழியர்கள் என்று மதித்ததோடு, மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுப்பவர்களையும் சட்டங்கள் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் என்ற சீர்திருத்தக் காலப் பிரிவினர் பட்டயத்தை முற்றிலும் விலக்கினார்கள். மெனோனைட்டுகள், குவேக்கர்கள் ஆகிய சபையினரும் அவ்வழியே நிற்கிறார்கள். பெந்தெகொஸ்தே மரபிலும் இது புதிதல்ல. அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1917-இல், உயிர்களை அழிக்கும் போரிலும் ஆயுதமேந்திய எதிர்ப்பிலும் மனசாட்சிப்படி பங்கேற்க இயலாது என்று தீர்மானித்தது; 1967-இல் அதை மாற்றி, அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டது. ஆகவே பாஸ்டர் சொல்வதைத் தள்ளுபடி செய்ய வேண்டாம், அது ஒரு பழைய, கண்ணியமான மரபு; ஆனால் அதுவே கிறிஸ்தவத்தின் ஒரே போதனை என்று அவர் சொன்னால், அது சரியல்ல.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சி மக்சிமிலியான் நினைவுக்கு வந்தார். கி.பி. 295 மார்ச் 12, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தெபெஸ்ஸா நகரம். உரோம ஆளுநர் தியோனின் முன்னே 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்க நிறுத்தியிருக்கிறார்கள். அழைத்து வந்தவர் தகப்பனார் விக்டர். அவரும் படையோடு தொடர்புள்ளவர், மகனுக்குப் புதிய ராணுவ உடையும் வாங்கி வைத்திருந்தார். நான் கிறிஸ்தவன், போர் செய்யமாட்டேன் என்று மகன் சொல்கிறான். பேரரசரின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் பணிபுரிகிறார்களே என்று தியோன் மடக்குகிறார். தங்களுக்கு எது தகும் என்பது அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் ஆகாது என்பது மகனின் பதில். சேவை செய்த கிறிஸ்தவர்களை அவன் பழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தியோன் தகப்பன் பக்கம் திரும்பி, உன் மகனுக்குப் புத்தி சொல் என்கிறார். அவனுக்கே தெரியும், தனக்கு எது நல்லதென்று அவனுக்குச் சொந்த யோசனை இருக்கிறது என்று விக்டர் சொல்லிவிடுகிறார். அந்த வழக்கு மரண தண்டனையில் முடிந்தது. தனக்காக வாங்கிய புது உடையைத் தண்டனையை நிறைவேற்றுகிறவனுக்குக் கொடுத்துவிடும்படி மகன் தகப்பனிடம் சொன்னதாக விசாரணைக் குறிப்பு சொல்கிறது. உங்கள் வீட்டில் நடப்பதற்கு அப்படிப்பட்ட விலை எதுவும் இல்லை.

துப்பாக்கி இல்லாமல் மருத்துவப் பிரிவில் சேர்ந்துகொள்ளலாமே என்று உங்களுக்கோ அவனுக்கோ தோன்றலாம். இரண்டாம் உலகப்போரில் ஒகினாவாவில் ஆயுதம் ஏந்தாமலே சுமார் 75 பேரைக் காப்பாற்றிய அட்வென்டிஸ்டு சபையைச் சேர்ந்த டெஸ்மண்ட் டாஸை உதாரணம் காட்டுவார்கள். ஆயுதமேந்தாச் சேவைக்கு அமெரிக்கச் சட்டம் அன்று தனி வகைப்பாடு வைத்திருந்தது. நம் ராணுவத்தில் அப்படி ஒரு வகை இல்லை. நர்சிங் அசிஸ்டென்ட் ஆனாலும் கிளார்க் ஆனாலும் அடிப்படைப் பயிற்சியில் ஆயுதப் பயிற்சி உண்டு. உங்கள் மகன் விண்ணப்பித்திருப்பதோ ஜெனரல் டியூட்டிக்கு. உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் அவனை அனுப்பிவிடாதீர்கள். அப்படிப் போய், மூன்றாம் மாதத்தில் மனம் உடைந்து, சொல்லாமல் ஊர் திரும்பியவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அனுமதியின்றி வராமல் இருந்ததற்கு 39-ஆம் பிரிவில் 3 ஆண்டுகள்வரை, படையைவிட்டு ஓடியதாக முடிவானால் களப்பணியில் இல்லாதவருக்குக்கூட 38-ஆம் பிரிவில் 7 ஆண்டுகள்வரை தண்டனை விதிக்கலாம். தண்டனை லேசாக முடிந்தாலும், பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா என்று வேலை விண்ணப்பங்களில் வரும் கேள்விக்கு ஆயுள் முழுவதும் ஆம் என்று எழுதவேண்டி வரும்.

கட்டாயப்படுத்தி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதை ஒரு தகப்பனாக மட்டுமல்ல, சட்டம் அறிந்தவனாகவும் சொல்கிறேன். ராணுவச் சட்டத்தின் 13, 14-ஆம் பிரிவுகளைப் பாருங்கள்: சேர்க்கும் அதிகாரி பணி நிபந்தனைகளைப் படித்து விளக்க வேண்டும், எதிரே நிற்பவன் அவற்றை முழுமையாகப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறான் என்று திருப்திப்பட்ட பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். அந்தச் சம்மதம் 19 வயதானவனுடையது, அவன் தகப்பனாருடையது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னே என் அக்காள் மகனின் கசம் பரேடை (உறுதிமொழி அணிவகுப்பை) பார்க்க நீலகிரி வெலிங்டன் போயிருந்தேன். பனி விலகாத காலையில், துணி விரித்த மேசையில் கீதையும் குர்ஆனும் பைபிளும் வைத்திருக்க, பையன்கள் வரிசையாக நின்று, நிலத்திலோ கடலிலோ வானிலோ அனுப்பும் இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்ற உறுதிமொழியை இந்தியில் உரக்கச் சொன்னார்கள். அன்று மாலை தேநீர்க் கடையில், மாமா, நான் காலையில் சொன்னதற்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று அவன் என்னிடம் கேட்டான். அவனுக்கு மனத்தடை எதுவும் இல்லை, இன்றும் நன்றாகப் பணியில் இருக்கிறான். ஆனால் உங்கள் மகனைப் போன்ற ஒருவன் அதைப் பரேடு முடிந்த மாலையில் தெரிந்துகொள்ளக்கூடாது.

ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு நாள் மாலை, உறுதிமொழியின் வாசகத்தைத் தமிழில் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உளமார உறுதி கூறவும் சட்டம் இடம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் மலைப்பிரசங்கத்தின் பேரில் சத்தியம் செய்ய மறுக்கும் சபைகளும் உண்டு. உங்கள் குருவானவரையும் அவனுடைய பாஸ்டரையும் வேறுவேறு நாட்களில் அவன் சந்திக்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். அதன்பின் அவன் போகிறேன் என்றால் ஜெபித்து அனுப்புங்கள். போகவில்லை என்றால், குறித்த தேதிக்கு முன்னரே, சேர்க்கைக்கு வர விருப்பமில்லை என்று பதிவெண்ணோடு ஒரே வரியில் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அவன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். சட்டம் அப்படி ஒரு கடிதத்தைக் கேட்கவில்லை என்றாலும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் போகக்கூடும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.